அஷ்கராவுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

ஜூன் 3, புதன்

இன்று கூடாரத்தைப் பிரித்தோம். ஜனவரியில் வாங்கியது, ஐந்து மாதமாகப் பெட்டியோடு பரணில் கிடந்தது. மஸ்கட்டில் எல்லோரும் குளிர்காலத்தில்தான் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் அடிப்பார்கள். நாங்களும் பிப்ரவரி இரண்டாம் வாரம் போவதாக இருந்தோம். அந்த வாரம் மகள் இசைவாணி மருத்துவமனையில் கிடந்தாள். மூன்று நாள் ஐசியூ, நான்கு நாள் வார்டு. சிறு பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய். பத்து வயது அவளுக்கு. இனி ஆயுள் முழுக்க நாளுக்கு நான்கு ஊசி.

கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப டென்ட்?" என்பதுதான். அவளுடைய அப்பா யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா போறோம்." அடுத்த லீவு ஜூனில் வரும், ஜூனில் இங்கே நாற்பத்தைந்து டிகிரி அடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அப்போது நினைவில்லை. இசை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்துவிட்டாள். பள்ளி மூடிவிட்டது. இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை கிளம்புவதாக முடிவு.

சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஹாலில் கூடாரத்தை நிறுத்தினார் என் கணவர் சங்கரலிங்கம். ஆறு வயது மகன் பரிதி உள்ளே போனவன் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. இசை கம்பிகளை மாட்டி மாட்டிக் கழற்றினாள். பிறகு ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். விளையாடினால் தாகம் எடுக்கத்தானே செய்யும். விரலில் குத்திப் பார்த்தேன். 132. சரியாகத்தான் இருந்தது.

இந்த நோட்டு மருத்துவமனையில் கொடுத்தது. முன்பக்கங்களில் அவளுடைய சர்க்கரை அளவு. பின்னாலிருந்து நான் எழுதுகிறேன்.

ஜூன் 4, வியாழன்

முதல் பட்டியல்.

இன்சுலின் பேனா நான்கு. ஊசி முனை ஒரு பெட்டி. அளக்கும் கருவி இரண்டு. குளுக்கோஸ் மாத்திரை. மாம்பழ ஜூஸ் சிறு பாக்கெட். மயக்கம் வந்தால் போட வேண்டிய அவசர ஊசி. வண்டியில் செருகும் சிறு ஃப்ரிட்ஜ். தண்ணீர் அறுபது லிட்டர்.

லேபில் மேசைக்கு அடியில் வைத்து எழுதினேன். நான் வேலை பார்ப்பது ஒரு பரிசோதனைக் கூடத்தில். ரத்தம், சிறுநீர், எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். பட்டியல் போட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சங்கரன் வாங்கிப் பார்த்தார். "இதுல சோறு, உடுப்பு ஒண்ணும் காணமே," என்றார்.

அது இரண்டாவது பட்டியல்.

ஜூன் 6, சனி

சங்கரன் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்டு பொறுப்பாளர். அவருடன் வேலை பார்க்கும் ஓமானிய நண்பர் ஹமூத் இன்று வீட்டுக்கு வந்தார். வரைபடத்தில் நாங்கள் குறித்திருந்த மணல்மேட்டுப் பகுதியைப் பார்த்துவிட்டு, இந்த மாதத்தில் அங்கே பிள்ளைகளைக் கூட்டிப் போனால் வறுத்து எடுத்துவிடும் என்றார். பிறகு விரலை வலப்பக்கமாக இழுத்துக் கொண்டுபோய்க் கடற்கரையில் வைத்தார். அஷ்கரா. பாலைவனம் போய்க் கடலில் இறங்கும் இடம். கோடையில் தெற்கத்திக் காற்று வீசி, அங்கே மட்டும் முப்பது டிகிரிதான் இருக்குமாம். ஒரே ஒரு தொல்லை. காற்று. கூடாரத்தைக் கையிலிருந்து விட்டால் உங்கள் ஊருக்கே போய்விடும் என்று சிரித்தார்.

நானூறு கிலோமீட்டருக்குள். வழியில் இப்ரா, காமில், ஜாலான். அவர் போனபின் வழியில் உள்ள மருத்துவமனைகளை ஒவ்வொன்றாக அழைத்தேன். பிள்ளைகள் மருத்துவர் உண்டா, இன்சுலின் இருப்பு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார்கள். அஷ்கராவிலேயே ஒரு சுகாதார நிலையம் இருக்கிறதாம்.

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை அங்கே யார் இருப்பார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். நாளை மறுபடி அழைக்க வேண்டும்.

ஜூன் 8, திங்கள்

இன்சுலின் முப்பது டிகிரிக்கு மேல் போனால் கெட்டுவிடும். கெட்டது கண்ணுக்குத் தெரியாது. வழக்கம்போல ஊசி போடுவோம், அளவு ஏறிக்கொண்டே போகும். வண்டி ஃப்ரிட்ஜ் நின்றுபோனால் என்ன செய்வது? அதற்காக ஒரு பை வாங்கியிருக்கிறோம். தண்ணீரில் நனைத்தால் காற்றில் உலர்ந்து உலர்ந்து உள்ளே குளிர்ச்சியாக வைத்திருக்கும் என்கிறார்கள். சொன்னால் போதுமா?

தீர்ந்துபோன பேனா ஒன்றை உள்ளே போட்டு, வெப்பமானியைச் செருகி, பால்கனிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். வெளியே 41. மூன்று மணி நேரம் கழித்துப் பைக்குள் 31.

புழுக்கமான நாள். பை உலரவேயில்லை. அஷ்கராவும் கடற்கரைதான், அங்கும் இதே புழுக்கம்தான் என்று சங்கரனிடம் சொன்னேன்.

"அங்க வெளியவே முப்பதுதான். அப்புறம் ஃப்ரிட்ஜு இருக்கு, ஐஸ் பெட்டி இருக்கு. பாத்துக்கிடலாம்."

பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய பதில். எல்லாவற்றுக்கும்.

ஜூன் 9, செவ்வாய்

கூடாரத்துக்குள் யார் எந்தப் பக்கம் படுப்பது என்று சண்டை. பரிதி கடித்துவிட்டான்.

ஜூன் 10, புதன்

மேற்கிலிருந்து வறண்ட காற்று. வெளியே 45. பைக்குள் 26.

இரண்டு அளவுக்கும் பொருத்தமே இல்லை. மூன்றாவது தடவை பார்க்க வேண்டும். லேபில் இப்படி வந்தால் நாங்கள் அறிக்கை கொடுக்க மாட்டோம்.

இசை பக்கத்தில் வந்து நின்றாள். "இருபத்தாறு நல்லதுதானம்மா?"

"நல்லதுதான்."

"அப்ப ஏன் ஒரு மாதிரி இருக்க?"

துணி காயப்போட வேண்டியிருந்தது.

ஜூன் 12, வெள்ளி

ஒத்திகை. சங்கரனின் யோசனை. எங்கள் கட்டட மொட்டைமாடியில் கூடாரம் அடித்து, மாலை ஐந்து மணி முதல் ஏழு வரை நாங்கள் அஷ்கராவில் இருப்பதாக வைத்துக்கொள்வது. நான் ஐஸ் பெட்டி, கருவி, மாத்திரை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறினேன்.

பிள்ளைகள் இருவரும் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். ஆறே காலுக்கு இசை மட்டும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, நெற்றி முழுக்க வியர்வை. எல்லோருக்கும்தான் வியர்க்கிறது என்று நான் திரும்பிக்கொண்டேன். பிறகு என்னவோ தோன்றி அவள் கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

58. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது.

ஜூஸ் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினேன். எப்போதும்போலத் தள்ளிவிட்டாள். "மாத்திர குடு." மாம்பழ ஜூஸ் என்றால் முன்பு உயிரை விடுவாள். இப்போது தொடுவதில்லை. மூன்று மாத்திரைகளை மென்றாள். பதினைந்து நிமிடம் கழித்து 84. அந்தப் பதினைந்து நிமிடமும் பரிதி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எப்பலேர்ந்து நடுங்குச்சு?"

"கொஞ்ச நேரமா."

"ஏன் சொல்லல?"

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். "சொன்னா அம்மா டிரிப்ப நிறுத்திருவா."

சங்கரன் கூடாரத்துக் கம்பிகளைக் கழற்றத் தொடங்கினார். அவர் என்னைப் பார்க்காமல் கழற்றியதுதான் எனக்கு உறுத்தியது.

ஜூன் 14, ஞாயிறு

உணவு இடைவேளையில் டாக்டர் ஷைலஜாவை அழைத்தேன். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பிப்ரவரியிலிருந்து இசையைப் பார்ப்பவர். ஒன்பது நிமிடம் பேசினார். மருந்து இரு மடங்கு வேண்டும், ஒரே இடத்தில் வைக்காமல் பிரித்து வைக்க வேண்டும், வெயிலில் அளவு சட்டென்று இறங்கும், இரண்டு மணிக்கொருமுறை பார்க்க வேண்டும், ஓடுவதற்கு முன் ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். நன்றாகப் போய்வாருங்கள் என்று சொல்லி வைத்தார்.

சாப்பிடும்போது, அஷ்கரா வேண்டாம் என்று முடிவாகிவிட்டது என்றேன்.

"யாரு முடிவு பண்ணா?" சங்கரன் கேட்டார்.

"டாக்டர்ட்ட பேசினேன். இந்த வெயில்ல ரிஸ்க்குன்னாங்க."

"போகக் கூடாதுன்னே சொன்னாங்களா?"

"ஆமா."

இசை தட்டில் இருந்த தோசையை நான்காகக் கிழித்தாள். எட்டாகக் கிழித்தாள். ஊசி போட்டாயிற்று, சாப்பிட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டு முழுங்கினாள்.

ஜூன் 15, திங்கள்

கூடாரம் பரணுக்குப் போயிற்று. பரிதி மட்டும் அழுதான்.

ஹால் பெரிதாகிவிட்டது போலிருக்கிறது. அலமாரிகளைத் துடைத்தேன். மசாலா டப்பாக்களை இறக்கிக் கழுவி அடுக்கினேன். ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். நாளைக்குக் குளியலறை.

ஜூன் 17, புதன்

காலையில் லேபுக்கு ஒரு ரத்த மாதிரி வந்தது. எட்டு வயதுப் பையன், ஏதோ ஒரு கிளினிக்கிலிருந்து, சாதாரணக் காய்ச்சல் பரிசோதனை என்று எழுதியிருந்தது. சர்க்கரை கேட்கவேயில்லை. எனக்கு என்னவோ தோன்றி அதையும் ஓட்டிப் பார்த்தேன். 482.

அறிக்கை அச்சாகும்வரை காத்திருக்கவில்லை. நானே அந்த கிளினிக்கை அழைத்தேன். யாரோ எடுத்து, மேலிடத்தில் சொல்லுகிறேன் என்றார்கள். மறுபடி அழைத்தேன். பையனுடைய அம்மாவின் எண்ணை வாங்கி அவளையே அழைத்தேன். இந்தியில் சொன்னேன்: இப்போதே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், வீட்டுக்குப் போகாதீர்கள். அவள், பையன் கொஞ்ச நாளாக ரொம்பத் தண்ணீர் கேட்கிறான், வெயில் என்று நினைத்தேன் என்றாள்.

தண்ணீர் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

கேட்டவுடன் கொடுத்தேன், அதில் என்ன தப்பு என்றாள்.

ஒரு தப்பும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, நோயாளியை நேரடியாக அழைப்பது முறையல்ல என்றார். சரி என்றேன்.

ஜூன் 18, வியாழன்

மூன்று மாதத்துக்கொருமுறை நடக்கும் பரிசோதனை. நானும் இசையும் மட்டும் போனோம். டாக்டர் ஷைலஜா என் நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டி, நல்லா எழுதியிருக்கீங்க என்றார். இசையின் வயிற்றில் ஊசி போடும் இடங்களைத் தொட்டுப் பார்த்தார். எடை இரண்டு கிலோ கூடியிருந்தது.

"வேற ஏதாவது கேக்கணுமா?" இதை அவர் எப்போதும் என்னிடம் கேட்பதில்லை, இசையிடம்தான் கேட்பார்.

இசை கேட்டாள். "நான் ஏன் டென்ட்டுக்குப் போகக் கூடாது?"

"யாரு போகக் கூடாதுன்னு சொன்னது?"

"நீங்கதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையில் எதையோ தேடினேன். தேடுவதற்கு ஒன்றுமில்லை.

"அம்மாவும் நானும் போன்ல பேசும்போது நெறைய ஜாக்கிரதை சொன்னேன் இல்லையா," என்றார் டாக்டர், மெதுவாக. "நான் சொன்ன விதத்துல அம்மா பயந்திருப்பாங்க. போகலாம், இசை. என்னென்ன செய்யணும்னு அம்மாகிட்ட இருக்கு."

அவர் எனக்காகச் சொன்ன பொய் அது. இசைக்கும் அது தெரிந்தது.

வண்டியில் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். எப்போதும் முன்னால் உட்காருவதற்குச் சண்டை போடுபவள். பாதி வழி வந்துவிட்டோம். பிறகு, "நான் சொன்னா நீ நம்பமாட்ட. ஆனா நீ பொய் சொல்லலாம்," என்றாள்.

"எப்ப நம்பாம இருந்தேன்?"

கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 19, வெள்ளி

சங்கரனிடம் நானே சொல்லிவிட்டேன், டாக்டர் வேண்டாமென்று சொல்லவில்லை என்று. அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரையோடு திரும்பினார்.

"என்னத்துக்குக் கோமு?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் பயமா இருக்கு. அதுக்காக அந்தப் பிள்ளைய வீட்டுக்குள்ளயே வச்சிப் பூட்டிருவமா?" பிறகு மீதி முகத்தையும் மழித்துவிட்டு, பரணிலிருந்து கூடாரத்தை இறக்கினார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அதனால் இங்கே எழுதுகிறேன். ஒருமுறையாவது எங்காவது எழுதிவிட வேண்டும்.

ஜனவரி கடைசியில் இசை படுக்கையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினாள். பத்து வயதில். முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மெத்தையை பால்கனிக்கு இழுத்தபோது திட்டினேன். ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாய், அதனால்தான் என்றேன். படிக்க உட்காரும் நேரம் பார்த்துத்தான் தாகம் எடுக்கும், சோர்வு வரும். பரீட்சைக்கு டிமிக்கி என்று நினைத்தேன். ஏழு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது என்று சட்டம் போட்டேன். பாட்டில்களை ஃப்ரிட்ஜின் மேலே, அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்பது இந்த வீட்டில் அவள் சிறு வயதிலிருந்தே தெரிந்த விதி. பத்து நாள். அந்த இரண்டு வாரமும் சங்கரனுக்கு இரவு ஷிப்டு.

"அம்மா, ஒரு வாய் மட்டும்," என்று கேட்பாள். நான் கொடுக்கவில்லை.

பகலெல்லாம் லேபில் முன்பின் தெரியாத நாற்பது பேருடைய சர்க்கரையை அளந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து அதைச் செய்தேன். அவளுடைய ரத்தத்தில் ஒரே ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தால் போதும்.

பதினோராம் நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை.

அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஐசியூவில், எப்போதிலிருந்து தாகம் என்று டாக்டர் கேட்டபோது, நான் இரண்டு மூன்று நாளாக என்றேன். இசை என்னைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

ஜூன் 22, திங்கள்

மூன்றாவது தடவை பையைச் சோதித்தேன். 28. போதும்.

மணலில் கூடார முளை நிற்காது என்று ஹமூத் சொன்னாராம். நான்கு அரிசிச் சாக்குகளைச் சங்கரன் கொண்டுவந்தார், அங்கே மணல் நிரப்பிக் கட்ட. டயரில் காற்றைக் குறைக்கவும், திரும்ப நிரப்பவும் ஒரு சிறு இயந்திரம். இசை இப்போது என்னிடம் தேவையானதை மட்டும் பேசுகிறாள். அளவு என்ன, எத்தனை யூனிட், சாப்பிடலாமா.

ஜூன் 24, புதன்

கடைசிப் பட்டியல். புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு. பரிதிக்கு இரண்டு ஜட்டி கூடுதல். மருந்து மூன்று இடத்தில்: ஃப்ரிட்ஜில், நனைந்த பையில், என் தோள்பையில். ஒவ்வொன்றிலும் எது இருக்கிறதென்று இசை தானே எழுதி ஒட்டினாள். என் எழுத்து புரியவில்லையாம்.

ஜூன் 25, வியாழன்

ஐந்தரைக்குக் கிளம்பினோம். இப்ராவில் 118. காமிலில் வெளியே 46 டிகிரி, அவளுக்கு 140. ஜாலானைத் தாண்டி இறங்கும்போது வண்டிக் கண்ணாடியில் திடீரென்று பனி படிந்தது. கண்ணாடியை இறக்கினோம். குளிர்ந்த காற்று. பரிதி, "யாரோ கதவத் திறந்துட்டாங்க," என்றான். முப்பத்தொன்று.

மணல் வெள்ளையாகக் கடல்வரை போகிறது. காற்று ஒரு நிமிடம் நிற்கவில்லை. கூடாரத்தை நிறுத்த இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு கம்பி ஒடிந்துவிட்டது. வண்டியின் மறைவில் சாய்வாகக் கட்டிவிட்டோம். புளியோதரையில் மணல். எல்லோரும் நறநறவென்று மென்றோம். நான் இதுவரை ஏழு முறை அளந்துவிட்டேன். காற்றில் சோதனைப் பட்டை பறக்கிறது.

ஜூன் 26, வெள்ளி

விடிந்ததும் இசை எழுந்து மணல்மேட்டில் ஏறினாள். நான் தோள்பையோடு பின்னால் போனேன். மேலே போய் உட்கார்ந்ததும் அவளே கையை நீட்டினாள்.

"லேசா நடுங்குது. பாரு."

64. சொல்லாமல் மறைக்கவில்லை. மாத்திரை டப்பா கூடாரத்தில் இருந்தது. தோள்பையில் ஜூஸ் மட்டும்தான். எடுத்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வாங்கவில்லை.

"குடி கண்ணு, அளவு எறங்குது."

"நான் ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே?"

"மொத குடி."

குடித்தாள். குடித்து முடித்துவிட்டு, காலி பாக்கெட்டை மடித்துக்கொண்டே சொன்னாள். "தண்ணி பாட்டில நீ மேல வச்சிட்டல்ல. எட்டல. பரிதியோட ஜூஸ் கீழ் தட்டுல இருந்துச்சு. அத எடுத்துக் குடிச்சேன். தெனம் மூணு, நாலு. பாக்கெட்ட பழைய ஸ்கூல் பேக்ல ஒளிச்சி வச்சேன். அவ்வளவு இனிப்பு குடிச்சதுனாலதான எனக்கு சுகர் வந்துச்சு?"

காற்று அவள் முடியை முகத்தில் அடித்தது. அவள் ஒதுக்கவில்லை. நான்கு மாதமாக இந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறைக்கும் பால்கனிக்கும் ஓடியதையெல்லாம், தன் மேல் கோபம் என்று நினைத்திருக்கிறாள்.

அவளை என் பக்கம் திருப்பினேன். லேபில் அறிக்கை சொல்வதுபோலச் சொன்னேன், ஏனென்றால் வேறு மாதிரி சொன்னால் அழுதுவிடுவேன். "இந்த சுகர் ஜூஸ் குடிச்சு வர்றது இல்ல. மிட்டாய் தின்னு வர்றதும் இல்ல. உன் ஒடம்புல இன்சுலின் சுரக்கிற எடம் அதுவா நின்னுபோச்சு. யாரு என்ன செஞ்சிருந்தாலும் வந்திருக்கும். ஒனக்கு அந்த ஜூஸ எடுக்கத் தோணுனதே தாகத்துனாலதான்."

"நெஜமா? பொய் சொல்லலியே?"

"நெஜமா. டாக்டர்ட்டயே கேளு." பிறகு, நிறுத்தினால் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியதால் தொடர்ந்தேன். "தண்ணிய நிறுத்துனது நான். ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு நீ சொன்ன, நான் நம்பல. அது என் தப்பு. அத நான் அப்பாட்டயும் சொல்லல, டாக்டர்ட்டயும் சொல்லல."

"தெரியும்," என்றாள். "நான் ஐசியூல கேட்டுட்டுத்தான் இருந்தேன். நீ ரெண்டு மூணு நாளுன்னு சொன்ன."

"நீ ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"நீ என் ஜூஸக் கண்டுபிடிச்சிட்டு, எனக்காக மறைக்கிறன்னு நெனச்சேன்."

பதினைந்து நிமிடம் கழித்து அளந்தோம். 97. கீழே பரிதி ஒடிந்த கம்பியை வைத்துக்கொண்டு நண்டைத் துரத்திக்கொண்டிருந்தான். இசை இறங்கி ஓடினாள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வாயெல்லாம் உப்பு.

ஜூன் 27, சனி

திரும்பும் வழியில், காமிலைத் தாண்டி, பிள்ளைகள் இருவரும் தூங்கியபின் சங்கரனிடம் சொன்னேன். பத்து நாளையும், ஃப்ரிட்ஜின் மேலே வைத்ததையும், டாக்டரிடம் குறைத்துச் சொன்னதையும்.

அவர் வண்டியை ஓரங்கட்டினார். ஏசியை ஓடவிட்டுவிட்டு இறங்கிப் போனார். நாற்பத்தேழு டிகிரி வெயிலில், சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். லாரிகள் போகும்போதெல்லாம் அவர் சட்டை படபடத்தது. ஐந்து நிமிடம் இருக்கும். நான் போய்க் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு எனக்கு என்ன உரிமை?

திரும்பி வந்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"எல்லாத்துக்கும் லிஸ்ட் போடுதியே. இதை எந்த லிஸ்டுல வச்சிருந்த?"

மஸ்கட் வரும்வரை சாலையையே பார்த்து ஓட்டினார்.

ஜூன் 28, ஞாயிறு

மணலை உதறி உதறித் தீரவில்லை. மூன்று சலவை. சங்கரன் வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். கை கழுவும்போது சொன்னார்: "நாளைக்கு டாக்டரப் பாப்போம். எல்லாரும் போவோம். நீயே கேளு. நானும் கேக்கணும், ரெண்டு வாரமும் பகல்ல வீட்லதான இருந்தேன், எனக்கும் ஏன் கண்ணுல படலன்னு."

ஜூன் 29, திங்கள்

இசையையும் பரிதியையும் வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம். பிப்ரவரியில் சொல்லாததையெல்லாம் டாக்டர் ஷைலஜாவிடம் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. சங்கரன் என் நாற்காலியின் பின்னால் நின்றார், உட்காரவில்லை.

"என்னால என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்," என்றேன். "ஆறுதலா சொல்ல வேண்டாம் டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நோய் வந்தது உங்களால இல்ல. அது எப்படியும் வந்திருக்கும், ஊசி எப்படியும் போட்டிருக்கணும். ஆனா தண்ணிய நிறுத்தினது நெலமைய மோசமாக்கிச்சு. ஒரு வாரம் முன்னால கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா ஐசியூ வேண்டி வந்திருக்காதுன்னுதான் நெனக்கிறேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்." கொஞ்சம் பொறுத்து, "கூடுதலாவும் இல்ல, கொறைவாவும் இல்ல," என்றார்.

வெளியே வந்தோம். சங்கரன் மருந்து வாங்கப் பரிதியைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது கைக்குட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

நானும் இசையும் வண்டி நிறுத்துமிடத்தில் நிழல் பார்த்து நின்றோம்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

இசை யோசித்தாள். கணக்குப் போடும்போது செய்வதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டு, வெகு நேரம் யோசித்தாள்.

"அப்ப ஒரு வாரம் மட்டும்தான் உன் தப்பு," என்றாள்.

"ஆமா," என்றேன். "ஒரு வாரம்."